டெஸ்ட் விழுந்தது எந்த வரியில்? எக்செப்ஷனைச் சரியான இடத்தைக் காட்ட வைக்கும் வழி

ஆத்தங்குடிக் கல் பட்டறைக்குக் கணக்குப் போட்டுத் தரும் சின்ன நிரல் ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். எட்டங்குலக் கல் 64 சதுர அங்குலம். ஒரு சதுர அடி என்பது 144 சதுர அங்குலம். ஆக, அடிக்கு 2.25 கல். பன்னிரண்டுக்குப் பத்து அறைக்கு 270 கல் பிடிக்கும். ஓரத்தில் வெட்டுவது, வண்டியில் உடைவது என்று நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 283.5 வரும். அரைக் கல்லை யாரும் விற்பதில்லை; விடை 284.

டெஃப் கல்_எண்ணிக்கை(சதுர_அடி, அங்குலம்):
    அடிக்கு = 144 / (அங்குலம் * அங்குலம்)
    ரிட்டர்ன் இன்ட்(சதுர_அடி * அடிக்கு * 1.05)

கட்டளைச் சொற்களை ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறோம்; எடிட்டரில் அவை ஆங்கில எழுத்தில்தான் போக வேண்டும். மாறிப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். விடை சரியா என்று பார்க்கும் டெஸ்ட் ஃபங்ஷனின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் டெஸ்ட் என்று தொடங்க வேண்டும்; அது இருக்கும் கோப்பின் பெயரும் அப்படியே ‘டெஸ்ட்_’ என்று தொடங்கட்டும். இல்லையென்றால் டெஸ்டுகளைத் தேடி ஓட்டும் கருவியான பைடெஸ்ட் அவற்றைக் கண்டுகொள்ளாது.

இன்ட் தசமத்தை வெட்டி எறிவதால் 284 வர வேண்டிய இடத்தில் 283 வருகிறது. டெஸ்ட் இதைப் பிடித்துவிடும். ‘எங்கே பிடித்தேன்’ என்று அது சொல்வதில்தான் வில்லங்கம். காரணம், யாரும் ஒரே சரிபார்ப்பை நாற்பது இடத்தில் திரும்பத் திரும்ப எழுத மாட்டார்கள்; உதவி ஃபங்ஷன் ஒன்றைத் தனிக் கோப்பில் வைத்து அதையே அழைப்பார்கள். அதில் வரும் அசெர்ட், தன் நிபந்தனை பொய்யானால் அசெர்ஷன்எரர் என்ற எக்செப்ஷனை, அதாவது ஓட்டத்தை நிறுத்தும் பிழை அறிவிப்பை, எழுப்பும்.

டெஃப் சரிபார்(சதுர_அடி, அங்குலம், வேண்டியது):
    வந்தது = கல்_எண்ணிக்கை(சதுர_அடி, அங்குலம்)
    அசெர்ட் வந்தது == வேண்டியது

நாற்பது டெஸ்டில் மூன்று விழுந்தன என்று வையுங்கள். விழுந்த ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி காட்டும்படி பைடெஸ்டை ‘--டிபி=லைன்’ என்று ஓட்டினால் கிடைப்பது இதுதான்:

உதவி.பை:9: அசெர்ஷன்எரர்
உதவி.பை:9: அசெர்ஷன்எரர்
உதவி.பை:9: அசெர்ஷன்எரர்

மூன்றும் ஒரே வரி. எந்த அறை, எந்த அளவுக் கல், என்ன எண் வந்தது, ஒன்றுமே இல்லை. அந்த ஒன்பதாம் வரியில் தவறும் இல்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

மூன்று இடங்களைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். எக்செப்ஷன் கிளம்பிய வரி ஒன்று, அது உதவி ஃபங்ஷனுக்குள் இருக்கிறது. டெஸ்டுக்குள் அந்த உதவியை அழைத்த வரி இரண்டாவது. தவறு உட்கார்ந்திருக்கும் வரி மூன்றாவது. இங்கே அது இன்ட் போட்ட வரி. மூன்றாவதை எந்தக் கருவியும் தானாகச் சொல்லாது, அது நம் வேலை. இரண்டாவதைச் சொல்ல வைப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. இந்தக் குறிப்பு அந்த இரண்டாவதைப் பற்றியது.

எது எதை அழைத்து எங்கே விழுந்தது என்று அச்சாகும் பட்டியல்தான் ட்ரேஸ்பேக். அதை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்பதை முதலில் முடித்துவிடுவோம். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு வாசலில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசல்நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்வாசல் வரை தெரியும். ட்ரேஸ்பேக்கின் ஒவ்வொரு ஃபிரேமும், அதாவது ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்பும், அப்படி ஒரு நிலைதான். பைத்தான் முகப்பிலிருந்து உள்ளே போகிறபடி அச்சடிக்கும்; விழுந்த இடம் கடைசியில் இருக்கும். ஜாவாவும் சி ஷார்ப்பும் தலைகீழ்: பின்கட்டு முதலில், முகப்பு கடைசியில். ஜாவா பழகிய ஆள் பைத்தான் ட்ரேஸ்பேக்கின் முதல் வரியைப் பார்த்துவிட்டு டெஸ்ட் ரன்னரிலேயே பிழை என்று நினைப்பது இதனால்தான். நமக்கு வேண்டியது பின்வாசல் அல்ல. டெஸ்ட் கோப்பின் பெயர் கடைசியாக எந்த நிலையில் வருகிறதோ அதுதான் வேண்டும்.

உதவி ஃபங்ஷனை மறைப்பது

பைடெஸ்டில் இதற்கு ஒரே ஒரு வரி போதும். உதவி ஃபங்ஷனின் முதல் வரியாக ‘__ட்ரேஸ்பேக்ஹைட்__’ என்ற உள்மாறியை வைத்து அதற்கு ட்ரூ கொடுங்கள். முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு, நடுவில் இடைவெளி கிடையாது. எழுத்துப் பிழை இருந்தால் எந்த எச்சரிக்கையும் வராது. பைத்தானைப் பொறுத்தவரை அதுவும் ஒரு சாதாரண மாறி, அவ்வளவுதான். வைத்தபின் ஓட்டினால்:

டெஸ்ட்_கல்.பை:14: ...
டெஸ்ட்_கல்.பை:22: ...
டெஸ்ட்_கல்.பை:37: ...

விழுந்த டெஸ்ட் மூன்று, வரியும் மூன்று. எடிட்டரில் அந்த வரியைச் சொடுக்கினால் நேராக டெஸ்டுக்கே போய் நிற்கும். உதவிக்குள் இன்னொரு உதவி இருந்தால் இரண்டிலும் இந்த மாறி இருக்க வேண்டும். உள்ளே உள்ளதில் விட்டுவிட்டால் அதன் வரியே மறுபடி வந்து நிற்கும்.

ட்ரூ என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவதில் ஒரு ஆபத்து உண்டு. உதவி ஃபங்ஷனுக்குள்ளேயே நீங்கள் ஒரு மாறிப் பெயரைத் தப்பாக அடித்திருந்தால், நேம்எரர் கிளம்பும். ஆனால் அந்த ஃபிரேமும் மறைந்துபோகும். அறிக்கை டெஸ்டின் 14-ஆம் வரியைக் காட்டி நேம்எரர் என்னும்; அந்த வரியில் அப்படி ஒரு பெயரே இருக்காது. ஆகவே ட்ரூவுக்குப் பதில் ஒரு சின்ன ஃபங்ஷனைக் கொடுங்கள். பைடெஸ்ட் அதற்கு எக்செப்ஷன் விவரத்தைத் தந்து, மறைக்கலாமா என்று கேட்கும்:

__ட்ரேஸ்பேக்ஹைட்__ = லாம்டா இ: இ.எர்இஸ்இன்ஸ்டன்ஸ்(அசெர்ஷன்எரர்)

இப்போது சரிபார்ப்பு விழுந்தால் மட்டும் உதவி மறையும். வேறு எந்தக் கோளாறானாலும் உதவியின் வரி வெளியே தெரியும். ஏதோ சந்தேகமாக இருந்தால் ‘--ஃபுல்-ட்ரேஸ்’ போட்டு ஓட்டுங்கள். மறைத்ததெல்லாம் திரும்ப வந்துவிடும்.

பைடெஸ்ட் இல்லாமல், பைத்தானோடு கூடவே வரும் யூனிட்டெஸ்ட் மட்டும் வைத்திருப்பவர்கள் உதவிக் கோப்பின் மேல்மட்டத்தில் ‘__யூனிட்டெஸ்ட்’ என்ற மாறிக்கு ட்ரூ கொடுக்கலாம். இங்கே அடிக்கோடு முன்னால் மட்டும்தான். இது அந்தக் கோப்பு முழுவதையும் மறைக்கும், ஃபங்ஷன் வாரியாகப் பிரிக்க வழியில்லை. அதனால் அந்தக் கோப்பில் உதவிகளைத் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள்.

எண்கள் ஏன் வரவில்லை

டெஸ்ட் கோப்புக்குள் அசெர்ட் எழுதினால் ‘அசெர்ட் 283 == 284’ என்று பைடெஸ்ட் எண்களோடு காட்டுகிறது. அதே வரியை உதவிக் கோப்புக்கு மாற்றியதும் வெறும் அசெர்ஷன்எரர். காரணம், டெஸ்ட் கோப்புகள், பைடெஸ்ட் தானே ஏற்றிக்கொள்ளும் கான்ஃப்டெஸ்ட் என்ற அமைப்புக் கோப்பு, பிளகின்கள் ஆகியவற்றில் உள்ள அசெர்ட்களை மட்டுமே பைடெஸ்ட் இறக்குமதி நேரத்தில் திருத்தி எழுதுகிறது. உங்கள் உதவிக் கோப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

சேர்ப்பது எளிது. கான்ஃப்டெஸ்ட் கோப்பில் பைடெஸ்டின் ‘ரெஜிஸ்டர்_அசெர்ட்_ரீரைட்’ ஃபங்ஷனுக்கு உதவிக் கோப்பின் மாட்யூல் பெயரைக் கொடுங்கள். வரிசை முக்கியம்: இது முதலில், உதவியை இம்போர்ட் செய்வது பிறகு. மாற்றிப் போட்டால் ‘ஏற்கெனவே இம்போர்ட் ஆகிவிட்டது, திருத்த முடியாது’ என்ற பொருளில் ஒரு எச்சரிக்கை வரும். ஓடிப் போகும் ஐம்பது வரிகளுக்கு நடுவில் அதைப் பலர் கவனிப்பதில்லை.

அசெர்ட்டில் அடைப்புக்குறி போடும் பழக்கம் உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நிபந்தனையையும் செய்தியையும் சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டால் அது டியூபிள், அதாவது மதிப்புகளின் தொகுப்பு, ஆகிவிடும். உள்ளே ஏதாவது இருக்கும் டியூபிள் எப்போதும் உண்மை, ஆக அந்த டெஸ்ட் ஜென்மத்துக்கும் விழாது. பைத்தான் சின்டாக்ஸ்வார்னிங் தரும், அதை ஒதுக்காதீர்கள்.

சொந்த எக்செப்ஷன் எப்போது

கணக்கு ஒரே எண்ணாக இருக்கும் வரை அசெர்ட்டே போதும். ஒரு ஆர்டரில் நான்கு அறை, இரண்டு அளவுக் கல், ஓரக் கல் தனி என்று விரியும்போது ‘283 == 284’ என்பது எந்த அறை என்று சொல்லாது. அப்போது சொந்தமாக ஒரு எக்செப்ஷன் வகுப்பு எழுதுங்கள். மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது, அது அசெர்ஷன்எரரிலிருந்து பிறக்க வேண்டும். வெறும் எக்செப்ஷனிலிருந்து பிறந்தால், யூனிட்டெஸ்ட் அதை ‘சரிபார்ப்பு விழுந்தது’ என்று எண்ணாமல் ‘டெஸ்டே உடைந்தது’ என்று தனிக் கணக்கில் சேர்க்கும். மேலே எழுதிய லாம்டாவும் அதைக் கண்டுகொள்ளாது, உதவி ஃபிரேம் மறையாது.

இரண்டாவது, செய்தியில் உள்ளீடு, வேண்டியது, வந்தது மூன்றும் இருக்கட்டும். ‘120 சதுர அடி, 8 அங்குலம்: 284 வேண்டும், 283 வந்தது’ என்று ஒரே வரி. ‘தவறான எண்ணிக்கை’ என்ற செய்தி இருப்பதும் ஒன்றுதான் இல்லாததும் ஒன்றுதான். செய்தியிலேயே எண்கள் வந்துவிடுவதால், இப்படி ரெய்ஸ் செய்யும் உதவிக்கு மேலே சொன்ன ரீரைட் பதிவுகூடத் தேவைப்படாது.

மூன்றாவது நுணுக்கமானது. வகுப்பின் இனிட் (உருவாகும்போது ஓடும் முறை) நான்கு மதிப்பு வாங்கிக்கொண்டு, தாய் வகுப்புக்குக் கோத்த செய்தி ஒன்றை மட்டும் அனுப்புவது வழக்கம். ஒரே பிராசஸில் இது ஓடும். வேலையை வேறு பிராசஸுக்கு அனுப்பினால், எக்செப்ஷனை மூட்டை கட்டி இந்தப் பக்கம் அவிழ்க்கும்போது பைத்தான் தாய் வகுப்புக்குப் போன மதிப்புகளை வைத்தே இனிட்டை மறுபடி அழைக்கும். நான்கு கேட்கும் இடத்தில் ஒன்றுதான் இருக்கும்; டைப்எரர். டெஸ்ட் விழுந்த உண்மையான காரணம் அதற்குள் புதைந்துபோகும். நான்கையும் அப்படியே தாய் வகுப்புக்குக் கொடுத்துவிட்டு, செய்தியை ‘__ஸ்டர்__’ முறைக்குள் கோத்துவிட்டால் தொல்லை இல்லை.

வேறொரு எக்செப்ஷனைப் பிடித்து உங்கள் எக்செப்ஷனாக மாற்றி எழுப்புகிறீர்கள் என்றால் ‘ரெய்ஸ் ... ஃப்ரம் இ’ என்று எழுதுங்கள். பழைய ட்ரேஸ்பேக்கும் கூடவே அச்சாகும். ‘ஃப்ரம் நன்’ அதை மறைத்துவிடும், டெஸ்ட் உதவியில் அது வேண்டாம். பைத்தான் 3.11 முதல், பிடித்த எக்செப்ஷனின்மேல் ‘ஆட்_நோட்’ மூலம் ஒரு குறிப்பை ஒட்டி, வெறும் ரெய்ஸ் என்று விட்டுவிடலாம். வகையும் மாறாது, இடமும் மாறாது, ‘மூன்றாவது அறை’ என்ற தகவல் மட்டும் கூடுதலாக வரும். பல இடங்களில் சொந்த வகுப்பைவிட இதுவே மேல்.

லூப்பில் வைத்தால் வரி எண் உதவாது

ஐந்து அறை அளவுகளை லிஸ்டில் போட்டு, ஒரே டெஸ்டுக்குள் ஃபார் லூப்பில் சரிபார்ப்பது எல்லாரும் செய்வது. ஐந்தில் எது விழுந்தாலும் வரி எண் ஒன்றுதான். மேலும், முதலாவது விழுந்ததும் டெஸ்ட் நின்றுவிடும். மீதி நான்கின் கதி தெரியாது. நம் கணக்கிலேயே 80 சதுர அடி, எட்டங்குலம் என்றால் 189 சரியாக வரும், இன்ட்டின் தவறு வெளியே தெரியாது. 120 சதுர அடியில்தான் விழும். எது தேறியது, எது விழுந்தது என்று அருகருகே பார்த்தாலே ‘தசமம் வரும் அளவுகள் மட்டும் விழுகின்றன’ என்று புரிந்துவிடும். மூன்றாவது இடத்துக்கு, அதாவது தவறு இருக்கும் வரிக்கு, அதுதான் நேர்வழி.

அதற்குப் பைடெஸ்டின் பாராமெட்ரைஸ். ஒவ்வொரு வரிசையும் தனி டெஸ்டாக ஓடும். ஒவ்வொன்றுக்கும் ஐடி கொடுங்கள், அது அறிக்கையில் டெஸ்ட் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குள் வரும். யூனிட்டெஸ்டில் இதே வேலைக்கு ‘சப்டெஸ்ட்’ உண்டு.

ஐடியைத் தமிழில் ‘வளவு’, ‘பட்டாலை’ என்று வைத்தீர்கள் என்றால் அறிக்கையில் பின்சாய்கோடும் யூனிகோட் எண்களுமாகக் குப்பையாக வரும். பைடெஸ்ட் ஆஸ்கி என்ற அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதியில் இல்லாத எழுத்துகளை ஐடியில் அப்படித்தான் மாற்றுகிறது. நிறுத்த ஒரு அமைப்பு இருக்கிறது. அதன் பெயர் ‘டிசேபிள்_டெஸ்ட்_ஐடி_எஸ்கேப்பிங்_அண்ட்_ஃபர்ஃபீட்_ஆல்_ரைட்ஸ்_டு_கம்யூனிட்டி_சப்போர்ட்’. விளையாட்டல்ல, உண்மையான பெயரே அதுதான்: ஏதாவது கெட்டுப்போனால் எங்களிடம் வராதே என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஐடியை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, தமிழைச் செய்தியில் எழுதுவது நிம்மதி.

விழுந்தும் விழாத டெஸ்டுகள்

தவறான இடத்தைக் காட்டும் எக்செப்ஷனைவிட மோசமானது, இடமே காட்டாமல் முழுங்கப்படும் எக்செப்ஷன். இரண்டு வழிகளில் இது நடக்கிறது.

சோதிக்கப்படும் நிரல் ஒரு கால்பேக்கை, அதாவது நீங்கள் அதனிடம் கொடுத்த ஃபங்ஷனை, அழைக்கிறது; நீங்கள் அந்தக் கால்பேக்குக்குள் அசெர்ட் வைத்திருக்கிறீர்கள். நிரலில் ‘எக்செப்ட் எக்செப்ஷன்’ என்று ஒரு வலை இருந்தால், அசெர்ஷன்எரர் அதில் சிக்கிவிடும். பைத்தானில் அதுவும் எக்செப்ஷன் குடும்பம்தான். டெஸ்ட் பச்சையாகத் தேறும். ஜாவாவில் இந்தப் பிரச்சினை குறைவு: அங்கே அசெர்ஷன்எரர் எரர் குடும்பத்தில் பிறந்தது, எக்செப்ஷனைப் பிடிக்கும் கேட்ச் அதைத் தொடாது. பைடெஸ்டின் ‘ஃபெய்ல்’ ஃபங்ஷன் எழுப்புவதும் பேஸ்எக்செப்ஷன் வழி வந்தது என்பதால் அந்த வலையைத் தாண்டி வந்துவிடும். என்றாலும் சுத்தமான வழி வேறு. கால்பேக்குக்குள் வந்த மதிப்பை ஒரு லிஸ்டில் சேர்த்து வையுங்கள்; நிரல் முடிந்து வெளியே வந்தபின் டெஸ்டுக்குள் அசெர்ட் செய்யுங்கள். அப்போது வரி எண்ணும் டெஸ்டுடையதாகவே இருக்கும்.

இரண்டாவது, த்ரெட்: நிரலுக்குள்ளேயே இணையாக ஓடும் தனி ஓட்டம். தனி த்ரெட்டில் விழுந்த எக்செப்ஷன் அந்த த்ரெட்டோடு போய்விடும், டெஸ்ட் தேறிவிடும். பைடெஸ்ட் ஒரு எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். த்ரெட்டை நேரடியாகத் தொடங்காமல் த்ரெட்பூல்எக்ஸிக்யூட்டர் வழியாக வேலையைக் கொடுத்து, திரும்பி வரும் ஃப்யூச்சரின் ‘ரிசல்ட்’டைக் கேளுங்கள். உள்ளே விழுந்த எக்செப்ஷன் அதன் ட்ரேஸ்பேக்கோடு இங்கே மறுபடி எழும்.

இன்னொரு சின்ன ஏமாற்று: ட்ரேஸ்பேக்கில் வரும் நிரல் வாசகம், அச்சடிக்கும் நேரத்தில் கோப்பிலிருந்து படிக்கப்படுவது. டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பில் இரண்டு வரி சேர்த்துச் சேமித்தால், வரி எண் பழையதாகவும் பக்கத்தில் காட்டும் வாசகம் புதியதாகவும் இருக்கும். காலி வரியையோ கமெண்ட்டையோ காட்டி ‘இங்கே விழுந்தது’ என்றால் குழம்ப வேண்டாம், இன்னொரு முறை ஓட்டுங்கள்.

மற்ற மொழிக்காரர்களுக்கு

ஜாவாவில் ஸ்டேக் ட்ரேஸ் பதிவாவது எக்செப்ஷனை நியூ போட்டு உருவாக்கும் கணத்தில். த்ரோ செய்யும் இடம் கணக்கில் வராது. வேகத்துக்காக என்று ஒரு எக்செப்ஷனை ஸ்டாட்டிக் மாறியில் செய்து வைத்து எல்லா இடத்திலும் அதையே எறிந்தால், எங்கே விழுந்தாலும் அந்த வகுப்பு ஏற்றப்பட்ட இடத்தையே காட்டும். உதவியின் ஃபிரேமை நீக்க ‘கெட்ஸ்டேக்ட்ரேஸ்’ தரும் வரிசையின் முதல் உறுப்பை வெட்டி ‘செட்ஸ்டேக்ட்ரேஸ்’ஸில் திருப்பி வையுங்கள். எதையாவது பிடித்து மறுபடி எறிந்தால், பழையதைக் காரணமாகச் சேர்க்க மறக்கக் கூடாது. படிக்கும்போது கடைசி ‘காஸ்ட் பை’ பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

சி ஷார்ப்பில் ‘த்ரோ எக்ஸ்’ என்று எழுதினால் ட்ரேஸ் அந்த வரியிலிருந்து புதிதாகத் தொடங்கிவிடும். வெறும் ‘த்ரோ’ பழையதைக் காப்பாற்றும். டாட்நெட் 6 முதல் உதவி முறையின் தலையில் ‘ஸ்டேக்ட்ரேஸ்ஹிடன்’ போட்டால் மறைந்துவிடும். வரி எண்ணே வரவில்லையானால், வரி விவரங்களை வைத்திருக்கும் பிடிபி கோப்பு கூட வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சி பிளஸ் பிளஸில் டெஸ்ட் சரிபார்ப்புகள் மேக்ரோக்களாக இருப்பதே கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் அழைத்த இடத்தில் பிடிப்பதற்குத்தான். சி பிளஸ் பிளஸ் 20-இல் ‘சோர்ஸ்_லொகேஷன்’ வந்துவிட்டது. அதன் ‘கரன்ட்’டை உதவி ஃபங்ஷனின் இயல்பு அளவுருவாக வைத்தால் அழைத்தவரின் வரி கிடைக்கும், ஃபங்ஷனின் உடலுக்குள் எழுதினால் உதவியின் வரிதான். கோ மொழியில் 1.9 பதிப்பு முதல் உதவியின் முதல் வரியாக ‘டி.ஹெல்பர்’ அழைத்தால் முடிந்தது. நோட் ஜேஎஸ்ஸில் ‘எரர்.கேப்சர்ஸ்டேக்ட்ரேஸ்’ஸுக்கு இரண்டாவது மதிப்பாக உதவி ஃபங்ஷனைக் கொடுங்கள். அங்கே இயல்பாகப் பத்து ஃபிரேம்தான் பதிவாகும், ஆழமான அழைப்பானால் ‘ஸ்டேக்ட்ரேஸ்லிமிட்’டைக் கூட்ட வேண்டும்.

போட்டதெல்லாம் வேலை செய்கிறதா

இந்த ஏற்பாட்டை விழ வைத்துத்தான் சோதிக்க முடியும். இன்ட்டை நீக்கி மேல்நோக்கி முழுமையாக்கும் ‘சீல்’ போட்டு எல்லா டெஸ்டும் தேறியபின், 1.05-ஐ வேண்டுமென்றே 1 ஆக்குங்கள். ‘--டிபி=லைன்’ போட்டு ஓட்டுங்கள். விழுந்ததைச் சொல்லும் ஒவ்வொரு வரியும் டெஸ்ட் கோப்பின் பெயரைக் காட்ட வேண்டும். ஒன்றாவது உதவி.பை என்று வந்தால் எங்கோ ஒரு உள் உதவியில் மாறியை விட்டிருக்கிறீர்கள். 120 சதுர அடி வரிசையில் ‘284 வேண்டும், 270 வந்தது’ என்று எண்களும் இருக்க வேண்டும். அடுத்து, உதவிக்குள் ஒரு மாறிப் பெயரில் ஓர் எழுத்தைக் கெடுத்து ஓட்டுங்கள். இந்த முறை உதவி.பை வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் லாம்டாவுக்குப் பதில் இன்னும் ட்ரூவே இருக்கிறது.

இரண்டையும் பழையபடி வைத்துவிட்டு, கிட் டிஃப் போட்டு 1.05 திரும்ப வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டே கமிட் செய்யுங்கள்.